படுக்கைக்கு உண்டு, மாத்திரைக்கு இல்லை: மருத்துவக் காப்பீட்டின் பழைய விதி

இந்தியாவில் மருத்துவக் காப்பீடு மருத்துவமனைப் படுக்கையை நடுவில் வைத்து உருவானது. 1986-ல் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் நான்கும் ‘மெடிகிளைம்’ பாலிசியை விற்கத் தொடங்கியபோது, நோயாளி மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் என்பது அடிப்படை விதி. குறைந்தது 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்த விதியிலிருந்து பிறந்தது. அந்தக் காலத்துக்கு அது பொருந்தியும் இருந்தது. குடல்வால் அழற்சி, குடலிறக்கம், எலும்பு முறிவு, டைபாய்டு என்று குடும்பங்களைக் கடனில் தள்ளிய நோய்களில் செலவின் பெரும்பகுதி அறுவை அரங்குக்கும் அறை வாடகைக்கும் போனது. வீட்டில் விழுங்கும் மாத்திரையின் விலை அந்தக் கணக்கில் சிறியது.

அதன்பிறகு மருத்துவம் படுக்கையை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு ஒரு காலத்தில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையே பெரிய நம்பிக்கை. 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் மாத்திரை அந்த நோயை, தினமும் மருந்து எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகக்கூடிய நோயாக மாற்றியது. முடக்குவாதத்துக்கும் குடல் அழற்சிக்கும் சில வாரங்களுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசிகள் வந்தன. சர்க்கரை நோயால் பார்வை மங்குகிறவர்களுக்கு விழிக்குள் போடும் ஊசி வந்தது. போட்டுக்கொண்டு அன்றே வீடு திரும்பலாம். நோயாளி படுக்கும் நேரம் குறைந்தது, மருந்தின் விலை கூடியது. காப்பீட்டு விதி மட்டும் நோயாளி எத்தனை மணி நேரம் படுத்திருந்தார் என்பதையே இன்றும் முதலில் கேட்கிறது.

இதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பதைத் தேசிய சுகாதாரக் கணக்குகள் காட்டுகின்றன. 2021-22-ல் நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் 39.4% மக்கள் தங்கள் கையிலிருந்து நேரடியாகக் கொடுத்த பணம். 2013-14-ல் இது 64.2% ஆக இருந்தது என்பதால் முன்னேற்றம் உண்மையானதே. ஆனாலும் மிச்சமிருக்கும் செலவில் மருந்துக் கடையில் கொடுக்கும் பணத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் மட்டுமே 10 கோடிக்கு மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2023 ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் ஒருவர் ஆண்டுதோறும் தவறாமல் பிரீமியம் கட்டலாம். மாதந்தோறும் வாங்கும் இன்சுலினுக்கு வழக்கமான பாலிசியிலிருந்து அவருக்கு ஒரு ரூபாயும் வராது.

பாலிசி எந்த மருந்துக்குப் பணம் தரும்?

வழக்கமான பாலிசியில் மருந்துக்கு மூன்று வாசல்கள் உள்ளன. உள்நோயாளியாக இருக்கும்போது கொடுக்கப்படும் மருந்து முதலாவது. மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய சில நாட்களிலும் வீடு திரும்பிய பின் சில நாட்களிலும் அதே நோய்க்காக வாங்கும் மருந்து இரண்டாவது. 24 மணி நேரம் தேவைப்படாத பகல்நேர சிகிச்சை மூன்றாவது. புறநோயாளி மருந்துச் செலவைத் தரும் பாலிசிகளும் இப்போது விற்கப்படுகின்றன. ஆனால் அவற்றில் ஆண்டு வரம்பு சிறியது, பிரீமியம் பெரியது. ஆயுள் முழுக்க மருந்து தேவைப்படுகிறவருக்கு அவை போதுவதில்லை.

இரண்டாவது வாசலின் அளவைப் பார்த்தாலே சிக்கல் விளங்கும். எல்லா நிறுவனங்களும் ஒரே வடிவில் விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-ல் கொண்டுவந்த ‘ஆரோக்ய சஞ்சீவனி’ பாலிசியில் சேர்க்கைக்கு முன் 30 நாட்கள், பின் 60 நாட்கள். அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் பின்னாட்கள் 15 மட்டுமே. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவருக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு மாத்திரைகளைப் பொதுவாக ஓராண்டு வரை சேர்த்துத் தரச் சொல்கிறார்கள் இதய நோய் மருத்துவர்கள். அதில் ஒன்று ஆயுளுக்கும் தொடரும். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர் எதிர்ப்புத் திறனைக் கட்டுப்படுத்தும் மருந்தை உயிருள்ளவரை நிறுத்த முடியாது. நிறுத்தினால் புதிய சிறுநீரகத்தை உடல் ஏற்க மறுக்கும். லட்சக்கணக்கில் செலவாகும் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பணம் தரும் பாலிசி, அந்தச் சிறுநீரகத்தைக் காப்பாற்றும் மாத்திரைக்கு 61-வது நாள் கையை விரிக்கிறது. மருத்துவக் காரணம் எதுவும் இந்த 60-க்குப் பின்னால் இல்லை. கணக்குக்கு வசதியான எண், அவ்வளவுதான்.

மூன்றாவது வாசல்தான் இன்றைய சச்சரவுகளின் களம். கீமோதெரபியை நரம்பில் ஏற்றினால் பகல்நேர சிகிச்சை, பணம் கிடைக்கும். அதே புற்றுநோய்க்கு மருத்துவர் மாத்திரையாக எழுதினால் அது புறநோயாளிச் செலவு, பணம் கிடைக்காது. பல ஆண்டுகள் இப்படித்தான் நடந்தது. இதனால் மாத்திரை போதும் என்ற நிலையிலும் காப்பீட்டுக்காக ஊசி மருந்தை நாட வேண்டிய நெருக்கடி நோயாளிக்கு உண்டானது. சிகிச்சை முறையை மருத்துவரின் தீர்ப்பு தீர்மானிக்க வேண்டிய இடத்தில் பாலிசியின் வாசகம் புகுந்துகொண்டது.

2019 செப்டம்பரில் ஆணையம் இதில் தலையிட்டது. பாலிசிகளில் எவற்றை விலக்கலாம், எவற்றை விலக்கக் கூடாது என்று வரையறுத்து வெளியிட்ட வழிகாட்டுதலில், நவீன சிகிச்சை முறைகள் 12 பட்டியலிடப்பட்டன. அவற்றில் மூன்று நேரடியாக மருந்து சார்ந்தவை: வாய்வழி கீமோதெரபி, ஊசியாகச் செலுத்தப்படும் மோனோகுளோனல் ஆன்டிபாடி மருந்துகள், விழிக்குள் போடும் ஊசி. இந்தச் சிகிச்சைகளை எந்த நிறுவனமும் முற்றிலும் ஒதுக்க முடியாது என்று ஆணையம் சொன்னது. நோயாளிகளுக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு அது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதே வழிகாட்டுதல் இவற்றுக்குத் தனியாக உச்சவரம்பு வைத்துக்கொள்ள நிறுவனங்களுக்கு இடம் கொடுத்தது. ஆணையமே வடிவமைத்த ஆரோக்ய சஞ்சீவனியில் அந்த வரம்பு காப்பீட்டுத் தொகையில் பாதி. 5 லட்ச ரூபாய் பாலிசி வைத்திருப்பவருக்கு இந்தச் சிகிச்சைகளுக்கு இரண்டரை லட்சம்தான். அதற்கும் மேல், ஒவ்வொரு கிளைமிலும் 5% நோயாளியின் பங்கு.

மார்பகப் புற்றுநோயில் ஒரு வகைக்கு ட்ராஸ்டுசுமாப் என்ற ஆன்டிபாடி மருந்து முதுகெலும்பு போன்றது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஓராண்டுக்கு, ஏறத்தாழ 18 தவணை போட வேண்டும். 2014-ல் பயோகான் நிறுவனம் இதற்கு நிகரான உள்நாட்டு மருந்தைக் கொண்டுவந்த பிறகு விலை இறங்கியது. அதன்பின் வந்த புதிய ஆன்டிபாடிகளில் ஒரு தவணையே ஒரு லட்ச ரூபாயைத் தாண்டுபவையும் உண்டு. அப்படிப்பட்ட மருந்தில் பாதி வரம்பு இரண்டு மூன்று தவணைகளில் தீர்ந்துவிடும். பாலிசியில் இன்னும் இரண்டரை லட்சம் மீதி இருக்கும். அதை இந்த மருந்துக்குத் தொட முடியாது. அறுவை சிகிச்சைக்கு முழுத் தொகை, மருந்துக்குப் பாதித் தொகை என்று பிரிப்பதற்கு மருத்துவம் எந்த நியாயமும் தரவில்லை. சில நிறுவனங்களின் புதிய பாலிசிகள் இந்த வரம்பை எடுத்துவிட்டன என்பதே, வரம்பு இல்லாமலும் தொழில் நடத்த முடியும் என்பதற்குச் சான்று.

தேவை என்பதை யார் சொல்வது?

வாசல் திறந்திருந்தாலும் ‘மருத்துவ ரீதியாகத் தேவையானது’ என்ற சோதனையை மருந்து தாண்ட வேண்டும். இதற்கு ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான வரையறை ஒன்றை வைத்திருக்கிறது. நோயைக் கையாள அந்தச் சிகிச்சை தேவைப்பட வேண்டும். அளவிலும் காலத்திலும் தீவிரத்திலும் தேவைக்கு மிஞ்சக் கூடாது. மருத்துவர் ஒருவர் எழுதியிருக்க வேண்டும். சர்வதேச மருத்துவ நடைமுறையிலோ இந்திய மருத்துவ சமூகத்திலோ பரவலாக ஏற்கப்பட்ட தரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். நியாயமான வரையறைதான். நடைமுறையில் நிறுவனங்கள் இரண்டாவது நிபந்தனையைக் கையிலெடுக்கின்றன. ‘இந்த மருந்துக்கு உள்நோயாளியாகச் சேர வேண்டியதில்லை, வெளியிலேயே கொடுத்திருக்கலாம்’ என்று நோயாளியைப் பார்க்காத, கோப்பை மட்டும் பார்த்த மருத்துவர் எழுதிவிடுகிறார். வெளியில் கொடுத்திருந்தால் பணம் தந்திருப்பார்களா என்றால், அதுவும் இல்லை. உள்ளே சேர்ந்தால் தேவையற்ற சேர்க்கை, வெளியே வாங்கினால் புறநோயாளிச் செலவு. இந்த இரட்டைப் பூட்டில்தான் மருந்து சார்ந்த பல கிளைம்கள் மாட்டிக்கொள்கின்றன.

‘நிரூபிக்கப்படாத சிகிச்சை’ என்பது இன்னொரு மறுப்புக் காரணம். விலக்குகளின் பொதுப் பட்டியலில் 16-வது எண் அது. ஒரு நோய்க்கென்று அனுமதிக்கப்பட்ட மருந்தை அனுபவமும் ஆய்வும் காட்டும் வழியில் வேறு நோய்க்கு மருத்துவர்கள் பயன்படுத்துவது உலகெங்கும் உள்ள வழக்கம். பெவாசிசுமாப் குடல் புற்றுநோய்க்காக வந்த மருந்து. அதைச் சிறு அளவில் விழிக்குள் செலுத்தினால், கண்ணுக்கென்றே தயாரிக்கப்பட்ட ரானிபிசுமாப் செய்யும் வேலையை மிகக் குறைந்த செலவில் செய்கிறது. உலக சுகாதார அமைப்பு 2013-ல் பெவாசிசுமாபைக் கண் மருந்தாகவே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அனுமதிச் சீட்டில் கண் நோயின் பெயர் இல்லை என்று ஒரு நிறுவனம் இதைக் கேள்விக்குள்ளாக்கினால், அது மலிவான மருந்தைத் தள்ளி விலை கூடிய மருந்தை நோக்கி மருத்துவரை விரட்டுவதாகும். அனுமதிச் சீட்டு என்ன சொல்கிறது என்பதைவிட, வரையறையின் நான்காவது நிபந்தனையான ‘பரவலாக ஏற்கப்பட்ட தரம்’ என்ன சொல்கிறது என்பதே இங்கு அளவுகோலாக வேண்டும்.

வைட்டமின், சத்து மருந்து, டானிக் போன்றவை 14-வது விலக்கு. உள்நோயாளி சிகிச்சையின் பகுதியாகவோ பகல்நேர சிகிச்சையின் பகுதியாகவோ மருத்துவர் எழுதியிருந்தால் அவற்றுக்கும் பணம் உண்டு என்று அந்த விலக்கிலேயே எழுதியிருக்கிறது. பில்லில் இவற்றை அப்படியே அடித்துவிடும்போது நோயாளிகள் பெரும்பாலும் கேட்பதில்லை, கேட்க வேண்டும்.

மனநல மருந்துகளின் நிலை இன்னும் வருத்தத்துக்குரியது. 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21(4) பிரிவு, உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று கட்டளையிடுகிறது. ஒரு மனநோயாளிக்குக் கிளைமை மறுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2021-ல் இந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டி நிறுவனத்தைப் பணம் தரச் சொன்னது. ஆனால் மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்ற நோய்களில் சிகிச்சை என்பது பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் வீட்டில் இருந்து எடுக்கும் மாத்திரை. உடல்நோய்க்கே வீட்டு மாத்திரைக்குப் பணம் தராத பாலிசியில் சமத்துவம் பேசினால் மனநோயாளிக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. மருந்தை விட்டவர் நோய் முற்றி மருத்துவமனையில் சேர்ந்தால் அப்போது அதே நிறுவனம் பல மடங்கு செலவைத் தருகிறது. தடுத்திருக்கக்கூடிய துன்பத்துக்கு இப்படிப் பணம் ஒதுக்குவது எந்தக் கணக்கிலும் சரியல்ல.

விலை என்னும் கேள்வி

எந்த மருந்து என்பதில் இவ்வளவு விசாரிக்கும் நிறுவனங்கள், மருத்துவமனைக்குள் அதே மருந்தின் எந்த பிராண்ட், என்ன விலை என்பதில் காட்டும் அக்கறை குறைவு. இந்தியாவில் மருந்து விலைக்கு 2013-ன் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது. 2022-ல் திருத்தப்பட்ட அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 384 மருந்துகள் உள்ளன. பட்டியலில் உள்ளவற்றுக்கு, சந்தையில் குறைந்தது 1% பங்குள்ள பிராண்டுகளின் சராசரி விலையோடு 16% சில்லறை லாபம் சேர்த்து உச்சவிலை வைக்கப்படுகிறது. பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்தின் விலையை ஆண்டுக்கு 10% வரை நிறுவனமே ஏற்றிக்கொள்ளலாம். 2019-ல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வியாபார லாபத்தை 30 சதவீதத்துக்குள் நிறுத்தியது. இதெல்லாம் பயன் தந்திருக்கிறது. ஆனால் அச்சிட்ட விலைக்கும் மருத்துவமனை வாங்கும் விலைக்கும் இடையிலான பள்ளம் இன்னும் பெரியது. டெல்லி வட்டாரத்தில் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை 2018-ல் அதே ஆணையம் ஆராய்ந்தபோது, மருந்து, நுகர்பொருள் வகைகளில் லாபம் 1,737% வரை போயிருந்தது தெரியவந்தது.

உள்நோயாளிக்கு எந்தக் கடையில் மருந்து வாங்குவது என்ற தெரிவு கிடையாது. மருத்துவமனைக் கடை என்ன பிராண்ட் தருகிறதோ அதுதான். கேஷ்லெஸ் முறையில் பணம் நிறுவனத்திலிருந்து போவதால் விலையை யாரும் உறுத்தலாக உணர்வதில்லை. ஆனால் குறைவது நோயாளியின் காப்பீட்டுத் தொகை. அடுத்த ஆண்டு எல்லோருடைய பிரீமியமும் ஏறுகிறது. மருத்துவமனைக் கடையிலேயே வாங்க நோயாளிகளைக் கட்டாயப்படுத்துவது பற்றிய பொதுநல வழக்கில் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், உரிய கொள்கையை வகுக்கும் பொறுப்பை மாநில அரசுகளிடம் விட்டது. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துக் கொள்முதலை 1994-ல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகத்தின் மூலம் நாட்டுக்கே முன்மாதிரியாக நடத்திக்காட்டிய தமிழகம் இதில் முதலில் சட்டம் கொண்டுவரத் தகுந்த மாநிலம்.

காப்பீட்டுக்கு வெளியே மருந்து விலையைக் குறைக்கும் வழிகள் பெருகியிருப்பதையும் சொல்ல வேண்டும். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களோடு, 2025 பிப்ரவரி 24 அன்று தமிழகத்தில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு இருந்த 18% ஜிஎஸ்டி நீங்கியது. 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரி முற்றிலும் போனது. இமாட்டினிப் வழக்கு இன்னொரு பாடம். மாதம் 1.2 லட்ச ரூபாய் அளவில் விற்ற அந்த மருந்துக்குக் காப்புரிமை தர 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. அதனால் மாதம் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கிடைத்த உள்நாட்டுத் தயாரிப்புகள் தொடர்ந்தன. அந்த நோயாளிகளைக் காப்பாற்றியதில் காப்பீட்டைவிடக் காப்புரிமைச் சட்டத்துக்கே பங்கு அதிகம்.

வேறு வழி இருக்கிறது

மாத்திரைக்கும் காப்பீடு தர முடியும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டமான ஈஎஸ்ஐ, 1948-ன் சட்டத்தால் உருவானது. தமிழகத்தில் அது 1955 ஜனவரியில் கோவையில் தொடங்கியது. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் தொழிலாளியிடம் ஊதியத்தில் 0.75%, முதலாளியிடம் 3.25% பெற்றுக்கொண்டு, மருந்தகத்தில் புறநோயாளியாக வரும் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருந்து தருகிறது. கூட்டம், மருந்துத் தட்டுப்பாடு என்று அதன் மீது புகார்கள் உண்டு. ஆனால் சர்க்கரை நோயாளியான ஆலைத் தொழிலாளிக்குப் படுக்கையில் படுக்காமலே மாத்திரை கிடைக்கிறது. 70 ஆண்டுகளாக ஒரு சமூகக் காப்பீடு செய்துவருவதைத் தனியார் காப்பீடு செய்யவே முடியாது என்ற வாதம் ஏற்கத்தக்கதல்ல.

அதேநேரம், மருந்தைத் தனியார் காப்பீட்டுக்குள் எந்தக் கட்டுப்பாடும் இன்றிக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா காட்டுகிறது. அங்கே மருத்துவர் எழுதும் மருந்துக்குக் காப்பீடு உண்டு. ஆனால் எந்த மருந்து என்பதை நிறுவனத்தின் மருந்துப் பட்டியல் தீர்மானிக்கிறது. பட்டியலில் உள்ள மருந்துகள் படிநிலைகளாகப் பிரிக்கப்பட்டு, மேல்படிக்குப் போகப்போக நோயாளியின் பங்கு கூடுகிறது. பல மருந்துகளுக்கு முன்னனுமதி கேட்டு மருத்துவர் விண்ணப்பிக்க வேண்டும். மலிவான மருந்தை முதலில் கொடுத்து, அது பலிக்கவில்லை என்று நிரூபித்த பிறகே மருத்துவர் முதலில் எழுதிய மருந்து கிடைக்கும் முறையும் உண்டு. அந்த இடைவெளியில் நோய் காத்திருப்பதில்லை. இந்தப் பட்டியல்களை நிர்வகிக்கும் இடைத்தரகு நிறுவனங்களில் மூன்று மட்டுமே நாட்டின் மருந்துச் சீட்டுகளில் ஏறத்தாழ 80 சதவீதத்தைக் கையாளுகின்றன. மருந்து நிறுவனங்களிடம் அவை பெறும் தள்ளுபடி, பட்டியலில் எது இடம்பெறும் என்பதையே வளைக்கிறது. இறுதியில் அரசுதான் தலையிட வேண்டியிருந்தது. 2022-ல் வந்த சட்டம், முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில் இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்றது. மருந்துக்காக ஒருவர் கையிலிருந்து கொடுப்பதற்கு 2025 முதல் ஆண்டுக்கு 2,000 டாலர் என்ற உச்சவரம்பையும் வைத்தது. இந்தியாவில் புறநோயாளி மருந்துக் காப்பீடு விரியும்போது, மருந்துப் பட்டியலை நிறுவனங்கள் தங்கள் விருப்பத்துக்கு எழுத விடாமல், நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை அடித்தளமாக வைப்பதே பாதுகாப்பான தொடக்கம்.

மறுப்பு வந்தால்

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் கணக்கின்படி 2023-24-ல் மருத்துவக் காப்பீட்டில் கோரப்பட்ட தொகை சுமார் 1.17 லட்சம் கோடி ரூபாய். கொடுக்கப்பட்டது 83,493 கோடி; அதாவது 71.29%. பாலிசி விதிப்படி அனுமதிக்க முடியாது என்று கழிக்கப்பட்டது 15,100 கோடி. முற்றிலும் நிராகரிக்கப்பட்டது 10,937 கோடி. இவற்றில் சரியான மறுப்புகளும் இருக்கும். ஆனால் மறுப்புக் கடிதத்தையே கடைசிச் சொல்லாக எடுத்துக்கொள்ள நோயாளிக்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

முதலில் மறுப்பை எழுத்தில் பெற வேண்டும். மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் ‘டிபிஏ ரிஜெக்ட் பண்ணிட்டாங்க’ என்று வாய்மொழியாகச் சொல்வது வழக்கம். டிபிஏ என்பது நிறுவனத்துக்காகக் கோப்பைக் கையாளும் இடைநிலை அமைப்பு மட்டுமே. கிளைமை நிராகரிக்கும் அதிகாரம் காப்பீட்டு நிறுவனத்துக்குத்தான். 2024 மே மாதத்தில் ஆணையம் வெளியிட்ட தலைமைச் சுற்றறிக்கையின்படி, நிறுவனமும்கூட தன் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதலின்றி எந்தக் கிளைமையும் நிராகரிக்க முடியாது. பாலிசியின் எந்த விதிப்படி மறுக்கிறது என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், வீடு திரும்பும்போது இறுதி அனுமதிக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் பதில் தர வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கைதான். மூன்று மணி நேரத்தைத் தாண்டியதால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் கேட்டால் அது நிறுவனத்தின் செலவு.

மருந்து சார்ந்த மறுப்பில் நோயாளிக்கு இருக்கும் வலுவான ஆயுதம் மருத்துவரின் கடிதம். ‘இந்த மருந்து தேவை’ என்ற ஒற்றை வரி போதாது. நோய் என்ன, எந்த நிலை, முன்பு எந்த மருந்து கொடுக்கப்பட்டு ஏன் பலிக்கவில்லை, இந்த மருந்தை எந்த மருத்துவ வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது, கண்காணிப்பில் வைத்து ஏன் செலுத்த வேண்டியிருந்தது என்று எழுதியிருக்க வேண்டும். ஆணையத்தின் வரையறையில் உள்ள நான்கு நிபந்தனைகளுக்கும் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லும் கடிதத்தைத் தள்ளுவது கடினம். மருத்துவர்களுக்கு நேரமில்லை என்பது உண்மை. ஆனாலும் மருந்துச் சீட்டோடு இந்தக் கடிதமும் சிகிச்சையின் பகுதியாகிவிட்ட காலம் இது. வெளிக்கடையில் வாங்கிய மருந்து என்றால் பில்லில் நோயாளியின் பெயரும் மருத்துவர் பெயரும் பேட்ச் எண்ணும் இருக்க வேண்டும். சீட்டில் ஒரு பிராண்ட், பில்லில் வேறு பிராண்ட் என்று இருந்தால் விளக்கம் கேட்டு அதற்கொரு ‘குவெரி’ வந்து நிற்கும். இரண்டும் ஒரே மூலக்கூறு என்பதை அப்போதே சீட்டில் எழுதி வாங்கிவிடுவது நல்லது.

முன்பே எடுத்துவந்த மருந்தை விண்ணப்பத்தில் சொல்லவில்லை என்பது நிறுவனங்கள் அடிக்கடி காட்டும் இன்னொரு காரணம். சர்க்கரை நோய் உண்டு என்று சொல்லிப் பயணக் காப்பீடு எடுத்துக்கொண்டு அமெரிக்கா சென்ற ஒருவருக்கு அங்கே மாரடைப்பு வந்தது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுத்துவந்ததை அவர் மறைத்துவிட்டார் என்று நிறுவனம் பணம் தர மறுத்தது. 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு முன்னெச்சரிக்கையாகவும் ஸ்டாட்டின் தரப்படுவதை ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், உடல்நிலையைத் தெரிந்துகொண்டு பாலிசி கொடுத்த நிறுவனம் பின்னர் அதே உடல்நிலையைக் காட்டி விலக முடியாது என்றது. அப்படியிருந்தும், எடுக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் விண்ணப்பத்தில் எழுதிவிடுவதே நிம்மதி. தொடர்ந்து ஐந்தாண்டுகள் பிரீமியம் கட்டிய பிறகு, மோசடி நிரூபிக்கப்பட்டால் தவிர, தகவல் மறைத்ததாகக் கூறி கிளைமை மறுக்க முடியாது என்பது 2024 முதல் உள்ள விதி; முன்பு இது எட்டாண்டு.

நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதி ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழகத்துக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் அவர் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டியதில்லை. 50 லட்ச ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். அவர் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாட்களுக்குள் நிறைவேற்றாத நிறுவனம் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் புகார்தாரருக்குத் தர வேண்டும். தீர்ப்பு பிடிக்காத நோயாளிக்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறந்தே இருக்கிறது.

இவ்வளவையும் நோயோடு போராடும் ஒருவர் தனியாகச் செய்ய வேண்டியிருப்பது ஒழுங்குமுறையின் தோல்வி. அதைச் சரிசெய்யச் சட்டமன்றமோ நாடாளுமன்றமோ கூட வேண்டியதில்லை. வாய்வழி கீமோதெரபிக்கும் ஆன்டிபாடி மருந்துக்கும் விழி ஊசிக்கும் உள்ள தனி வரம்பை ஆணையம் தன் வழிகாட்டுதலில் ஒரு திருத்தத்தின் மூலம் நீக்க முடியும். பின்னாட்களுக்கான 60 நாள் கணக்கை, ஸ்டென்ட், உறுப்பு மாற்று, புற்றுநோய் ஆகிய மூன்றுக்காவது டிஸ்சார்ஜ் சம்மரியில் மருத்துவர் எழுதும் காலத்தோடு இணைக்க முடியும். கூடுதல் செலவுக்குப் பிரீமியத்தில் எவ்வளவு ஏறும் என்பதை நிறுவனங்களின் கணக்கர்களிடம் கேட்டுப் பொதுவெளியில் வைக்கவும் முடியும். 2019-ல் இந்தச் சிகிச்சைகளை விலக்கக் கூடாது என்று சொன்ன ஆணையம், அவற்றுக்கு முழுத் தொகையும் தர வேண்டும் என்ற அடுத்த படியை இனியும் தள்ளிப்போடக் கூடாது. தொடக்கமாக, தானே எழுதிய ஆரோக்ய சஞ்சீவனியிலிருந்து அந்த 50% வரம்பை அது எடுக்கட்டும்.